ஆம்பளைகளின் அசதிக்கு மருந்து எது?

(தோட்டச் சுகாதாரக் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாமற்போனவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



சுகாதாரக் கூட்டம் என்றால் இவ்வளவு காலமும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும்தான். தடுப்பூசி, திரிபோஷா, கர்ப்பிணித் தாயின் சாப்பாடு என்று பேசுவோம். ஆம்பளைகள் வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டு, எப்போது முடியும் என்று எட்டிப் பார்ப்பார்கள். இன்றைக்கு அவர்களைப் பற்றித்தான் பேச்சு. கொஞ்சம் கூச்சமான சங்கதிகளும் வரும். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டோம். பெண்களை மட்டும் இருக்கச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தின் பேர் வேண்டாம். கவ்வாத்து வெட்டுகிற ஒருவர். நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயது இருக்கும். அவர் கத்தி பிடித்தால் அவருக்கு முன்னால் யாரும் நிரை முடித்ததில்லை. ஒரு நாள் டிஸ்பென்சரிக்கு வந்தார். வந்த சனமெல்லாம் மருந்து வாங்கிப் போகும்வரைக்கும் வாங்கில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். கடைசியாக உள்ளே வந்து, "ஐயா, உடம்புல தெம்பே இல்லீங்க. பாதி நிரை வெட்டுறதுக்குள்ள கை ஓஞ்சி போகுது" என்றார். வேறு என்ன என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "வேற ஒன்னும் இல்லீங்க" என்றார்.

அந்த "ஒன்னும் இல்லீங்க"வுக்குள்ளே என்னவோ இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். சாப்பாட்டு நேரம் வேறு. விட்டமின் குளிசை முப்பது எண்ணிக் கடதாசியில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பிரஷர் பார்க்கவில்லை. சிறுநீர்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருசம் அவர் என்னிடம் வரவேயில்லை. டவுனில் லேகியம் விற்கிறவனிடம் போயிருக்கிறார். சம்பளம் எடுத்தால் அதில் ஒரு பங்கு அங்கே. வீட்டில் புருசன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோனது. வேறு எங்கேயோ தொடுப்பு இருக்கிறது என்று அந்த அம்மா நினைத்துவிட்டார். அவரோ வேலை விட்டதும் நேரே தவறணைக்குப் போய், லயத்தில் எல்லாரும் படுத்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். குடிகாரன் என்று ஊர் சொன்னது. வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டுதான் அந்த மனுசன் குடித்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஒரு நாள் காலையில் கவ்வாத்து மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொழுந்து லொறியில் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில்தான் முதல் தடவையாக அவருக்கு இரத்தம் பார்த்தார்கள். சீனி 300க்கு மேலே. அன்றிரவு போய்விட்டார்.

கருமாதி முடிந்து அந்த அம்மா டிஸ்பென்சரிக்கு வந்தபோது சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "ரெண்டு வருசமா அவரு என்கிட்ட வரலீங்க ஐயா. நான் அது தெரியாம அவர வஞ்சிக்கிட்டே இருந்துட்டேன்."

அவருக்கு வந்தது வெறும் அசதி அல்ல. ஆண்மைக் குறைவு என்று லேகியக்காரன் சொன்னதும் முழு உண்மை அல்ல. உள்ளே சீனி ஏறி, இரத்தக் குழாய் கெட்டுக்கொண்டு வந்ததற்கு அது ஒரு முன்னறிவிப்பு. இரண்டு வருசம் முன்னாலேயே உடம்பு ஆள் அனுப்பியிருக்கிறது. அந்த ஆளை நான் விட்டமின் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இப்போது டெஸ்டோஸ்டெரோன் என்கிற சாமானைப் பற்றிச் சொல்கிறேன். பேர் வாயில் நுழையாது. ஆண் ஹோர்மோன் என்றே வைத்துக்கொள்வோம். ஹோர்மோன் என்றால் உடம்பின் ஓர் இடத்தில் சுரந்து, இரத்தத்தில் ஓடிப்போய் இன்னோர் இடத்தில் வேலை வாங்குகிற நீர்.

கோழி வளர்க்கிறவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். 1849-ல் ஜெர்மனியில் பெர்த்தோல்ட் என்று ஒருவர் சேவல் குஞ்சுகளுக்குக் காயடித்தார். காயடித்த சேவலுக்குக் கொண்டை வளராது, கூவாது, சண்டைக்கும் போகாது. கொழுத்துக்கொண்டு சும்மா நிற்கும். அவர் என்ன செய்தார் என்றால், வெட்டி எடுத்த விதையைச் சில சேவல்களின் வயிற்றுக்குள்ளே திரும்ப வைத்துத் தைத்துவிட்டார். அந்தச் சேவல்கள் கொண்டை சிவந்து, கூவி, பெட்டையைத் துரத்த ஆரம்பித்துவிட்டன! பழைய நரம்பு கிடையாது, பழைய இடமும் கிடையாது. அப்படியென்றால் விதையிலிருந்து என்னவோ ஒன்று இரத்தத்தில் கலக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். அது இன்னது என்று தனியாகப் பிரித்து எடுத்தது 1935-ல்தான். காளை மாட்டு விதையிலிருந்து எடுத்தார்கள்.

பையனுக்கு மீசை முளைக்கிறது, குரல் உடைகிறது, தோள் அகலுகிறது என்றால் இந்த ஹோர்மோனின் வேலை. ஆனால் அதோடு முடிவதில்லை. தசைக்குப் பலம், எலும்புக்கு உறுதி, இரத்தம் ஊறுவது, ஆசை, மனசின் ஊக்கம், இத்தனைக்கும் அது வேண்டும். பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் இருக்கிறது.

இதற்கு ஒரு நிர்வாகம் உண்டு. தோட்டம் மாதிரித்தான். மூளை தொரை என்று வையுங்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி, அது கணக்கப்பிள்ளை. விதை இரண்டும் வேலையாட்கள். தொரை சொல்ல, கணக்கப்பிள்ளை ஓடர் போட, விதை வேலை செய்யும். (சிரிக்காதீங்க, நம்ம தோட்டத்தைவிட அங்கே ஒழுங்கு ஜாஸ்தி.) ஹோர்மோன் போதுமென்றால் ஓடர் குறையும், குறைந்தால் ஓடர் கூடும்.

இதில் கோளாறு இரண்டு விதமாக வரும். ஒன்று, வேலையாளுக்கே அடிபட்டுப்போவது. வயசுக்கு வந்த பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கினால் சிலருக்குப் பிறகு சுருங்கிவிடும். 2011-லிருந்து நம் நாட்டில் இருக்கிற, இப்போது ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடுகிற எம்.எம்.ஆர். ஊசி இதற்கும் சேர்த்துத்தான், தாய்மார் தப்பவிட வேண்டாம். பிறவியிலேயே விதை கீழே இறங்காத ஆண் குழந்தைகளும் உண்டு. குளிப்பாட்டும்போது தடவிப் பாருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டும், பள்ளிக்கூடம் போகிற வயசுவரைக்கும் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, கணக்கப்பிள்ளை ஓடரே போடாமல் விடுவது. அந்தச் சுரப்பியில் கட்டி வந்தால் தலைவலியும் வரும், இரண்டு பக்கத்துப் பார்வையும் குறையும். இப்படிப்பட்ட ஆட்களுக்கு ஹோர்மோன் ஊசியோ பூசுகிற ஜெல்லோ நிசமாகவே தேவை. சிலருக்கு ஆயுசு முழுக்கத் தேவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சீனி வியாதிக்காரர் இன்சுலின் போடுவது மாதிரி.

ஆனால் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். இங்கே நாற்பது ஐம்பது வயதில் "முன்ன மாதிரி இல்லீங்க" என்று சொல்கிற அண்ணன்மாருடைய கதை வேறு.

வயசு ஏற ஏற இந்த ஹோர்மோன் மெதுவாக இறங்குவது உண்மை. முப்பது நாற்பதுக்கு மேல் வருசத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். அதற்காக எல்லோருக்கும் குறைபாட்டு நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஐரோப்பாவில் எட்டு இடங்களில், 40 முதல் 79 வயதுவரை 3,369 ஆண்களைப் பரிசோதித்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அசதி, மனச்சோர்வு, ஆசைக்குறைவு என்று சொன்னவர்கள் ஏராளம். ஆனால் வயசு காரணமாக வந்த ஹோர்மோன் குறைபாடு என்று இரத்தமும் அறிகுறியும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யக்கூடியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான்.

அப்படியென்றால் மற்றவர்களுக்கு ஏன் குறைகிறது? முதல் காரணம் வயிறு. தோட்டத்து ஆளுக்கு ஏது தொந்தி என்று கேட்பீர்கள். கையும் காலும் மெலிஞ்சு, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு இருக்கிற எத்தனை பேரை நான் இந்த மண்டபத்திலேயே பார்க்கிறேன்! அந்த வயிற்றுக் கொழுப்பு சும்மா இருக்கிற கொழுப்பு அல்ல. ஆண் ஹோர்மோனைப் பெண் ஹோர்மோனாக மாற்றுகிற சரக்கு அதற்குள்ளே இருக்கிறது. கணக்கப்பிள்ளைக்குப் போகிற செய்தியையும் அது குழப்பிவிடும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் தடுக்கும், சீனி ஏறும். சீனி ஏறினால் ஹோர்மோன் இன்னும் இறங்கும். ஹோர்மோன் இறங்கினால் தசை குறையும், கொழுப்பு கூடும். செக்கு மாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வரும். சீனி வியாதி உள்ள ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த ஹோர்மோன் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் ஹோர்மோன் குறைந்த ஆண்களிடம் நெஞ்சு வருத்தம், சீனி, எலும்புத் தேய்வு, இரத்தக்குறைவு எல்லாம் கூடுதலாகத் தெரிகிறது. இதில் எலும்புக்கும் இரத்தத்துக்கும் ஹோர்மோன் குறைவே நேரடிக் காரணமாக இருக்கும். நெஞ்சு வருத்தத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் இரண்டும் ஒரே அடுப்பிலிருந்து வருகிற புகைதான். புகையை விசிறி விரட்டிக்கொண்டிருந்தால் அடுப்பு அணையாது.

இங்கேதான் அந்தக் கூச்சமான விசயம் வருகிறது. பீலித் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். மேலே தொட்டியிலிருந்து லயத்துக்குப் பெரிய குழாய் வருகிறது, அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சின்னக் குழாய். மண்ணும் பாசியும் அடைக்க ஆரம்பித்தால் முதலில் எது அடைபடும்? சின்னக் குழாய். பெரிய குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், நமக்கு ஒன்றும் தெரியாது. உடம்பிலும் அதே கதைதான். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலம். ஆண் குறிக்குப் போகிற குழாய் ஒன்று இரண்டு மில்லிமீற்றர்தான். சீனி, பிரஷர், கொழுப்பு, சிகரெட், பீடி இவற்றால் குழாய் கெட ஆரம்பித்தால் முதலில் அங்கேதான் தெரியும். விறைப்புக் குறைந்து இரண்டு வருசத்திலிருந்து ஐந்து வருசத்துக்குள் மாரடைப்பு வருவதை வைத்தியர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். என் கவ்வாத்துக்காரருக்கு நடந்ததும் அச்சொட்டாக அதுதான்.

இதைக் கேட்டு யாரும் இன்றிரவே பயந்து போக வேண்டாம். ஒரு நாள் இரண்டு நாள் களைப்பில், கவலையில், குடியில் அப்படி ஆவது எவருக்கும் உண்டு. மூன்று மாதமாகத் தொடர்ந்து அப்படி இருந்தால், அதுவும் நாற்பது தாண்டியிருந்தால், அதை வெட்கமாக நினைக்காமல் தகவலாக எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, குறைந்த ஹோர்மோனை ஊசியாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா? ஒரு தம்பி வாசலிலேயே என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. இதை நன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் வயிறு பெருத்த, சீனி எல்லையில் நிற்கிற, 50 முதல் 74 வயதுவரையான 1,007 ஆண்களை எடுத்தார்கள். எல்லோருக்கும் சாப்பாடு, உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஹோர்மோன் ஊசி, மற்றப் பாதிக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு வருசம் கழித்து, வெறும் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 21 பேர் சீனி வியாதிக்காரர். ஹோர்மோன் போட்டவர்களில் 12 பேர். இது 2021-ல் வெளியானது. பலன் இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது. ஆனால் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இரத்தம் அளவுக்கு மீறித் தடித்துப் போனது. தடித்த இரத்தம் நல்லதல்ல. நான் இன்னொன்றையும் கவனித்தேன். வெறும் ஊசி போட்டு, சாப்பாட்டைத் திருத்தி, நடந்தவர்களில்கூட நூற்றுக்கு 79 பேருக்கு இரண்டு வருச முடிவில் சீனி வியாதி இல்லை.

அமெரிக்காவில் இன்னும் பெரிய சோதனை, 5,200 பேர். 45 முதல் 80 வயது. ஹோர்மோன் குறைந்தவர்கள், ஏற்கெனவே நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் அல்லது வரக்கூடியவர்கள். ஒரு பகுதிக்கு ஹோர்மோன் ஜெல், ஒரு பகுதிக்கு வெறும் ஜெல். 2023-ல் முடிவு வந்தது. மாரடைப்பு, பாரிசவாதம், நெஞ்சு வருத்தத்தால் மரணம் எல்லாம் சேர்த்து இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதாவது ஜெல் பூசி இருதயத்தைக் காப்பாற்ற முடியவில்லை. பூசியவர்களில் இருதயம் தாறுமாறாக அடிப்பதும், நுரையீரலில் இரத்தம் கட்டுவதும் கொஞ்சம் கூடியிருந்தது. எலும்பு உறுதியாகும் என்று நினைத்தார்கள், ஆனால் எலும்பு முறிவும் அவர்களிடம்தான் கூட. படித்தவர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

இன்னொரு சங்கதி, கல்யாணமாகிப் பிள்ளைக்குக் காத்திருக்கிற தம்பிமார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து ஹோர்மோன் போட்டால், போதுமான அளவு இருக்கிறது என்று கணக்கப்பிள்ளை ஓடரை நிறுத்திவிடுவார். விதை வேலை செய்யாது. விந்தில் உயிரணு இல்லாமல் போகும். பிள்ளை வேண்டும் என்று ஊசி போட்டவனுக்குப் பிள்ளை பிறக்காமல் போவதுதான் நடக்கும். கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போயிருக்கிற நம்ம பையன்கள் சிலர் ஜிம்முக்குப் போய், உடம்பு ஏற்ற யாரோ கொடுக்கிற ஊசியைப் போட்டுக்கொண்டு தீபாவளிக்கு வருகிறார்கள். தோள் பெரிசாக இருக்கும். விதை சுருங்கியிருக்கும். நிறுத்தினாலும் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். போதைக்காக வலி மாத்திரை விழுங்குகிறவர்களுக்கும் ஹோர்மோன் இறங்கும்.

லேகியக்காரர்களைப் பற்றி நான் திட்டிக்கொண்டிருக்கப் போவதில்லை, அது பழைய வியாபாரம். பெரிய படிப்பாளிகளே அதில் விழுந்திருக்கிறார்கள். 1889-ல் பாரிசில் பிரவுண் செக்கார் என்ற பேர்பெற்ற பேராசிரியர், வயசு 72, நாய், கினிப்பன்றி விதைகளை நசுக்கிச் சாறெடுத்துத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். இளமை திரும்பிவிட்டது, மாடிப்படி ஏறுகிறேன், பாரம் தூக்குகிறேன் என்று சபையில் எழுந்து சொன்னார். உலகம் பூராவும் அந்தச் சாற்றுக்கு ஓடினார்கள். உண்மையில் விதைக்குள் ஹோர்மோன் சேமிப்பில் இருப்பதில்லை, தண்ணீர்ச் சாற்றில் வருவது துளிகூடப் போதாது. நம்பிக்கைதான் அவரைப் படி ஏற்றியது. ஐந்து வருசத்தில் இறந்துபோனார். நம்ம ஆட்கள் சந்தையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற போத்தலிலும் பெரும்பாலும் நம்பிக்கைதான் இருக்கிறது. சிலதில் நம்பிக்கையோடு நீல மாத்திரையையும் சொல்லாமல் அரைத்துக் கலந்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான். நெஞ்சு வருத்தத்துக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை பாவிக்கிறவர் அந்த நீல மாத்திரையும் எடுத்தால் பிரஷர் திடீரென்று விழுந்து ஆளே போய்விடலாம். நீல மாத்திரை நல்ல மருந்துதான். டொக்டர் பார்த்துத் தர வேண்டிய மருந்து.

குடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் தாய்மார் என்னை விடமாட்டீர்கள். சாராயமும் கசிப்பும் விதையை நேராகவே தாக்கும். ஈரல் கெட்டால் இன்னும் மோசம். பெண் ஹோர்மோனின் பங்கு ஏறி, ஆம்பளைக்கு மார்பு பெருக்கும், தாடி குறையும், விதை சுருங்கும். ஈரல் சுருங்கிய ஆட்களிடம் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீரத்துக்குக் குடிக்கிறேன் என்று சொல்கிறவர் அந்த வீரத்தைத்தான் கிளாசில் ஊற்றிக் கரைக்கிறார். தூக்கமும் அப்படித்தான். சிக்காகோவில் பத்து இளைஞர்களை ஒரு கிழமை இரவு ஐந்து மணித்தியாலம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு 10, 15 பங்கு ஹோர்மோன் இறங்கிவிட்டது. ஸ்டோரில் இராச் சிப்டு செய்கிற தம்பிமார் பகலில் ஒரு காம்பராவை இருட்டாக்கித் தூங்க வேண்டும். வீட்டில் இருக்கிறவர்கள் அந்த நேரம் டிவியைச் சத்தமாகப் போடாதீங்க.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், எடுத்த எடுப்பில் ஹோர்மோன் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். முதலில் சீனியும் பிரஷரும். வெறும் வயிற்றில் இரத்தத்தில் சீனி 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சீனி வியாதி, இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்வார்கள். 100க்கும் 125க்கும் இடையில் என்றால் வாசலில் வந்து நிற்கிறது. பிரஷர் 140க்கு 90 தாண்டக் கூடாது. கொழுப்பும் பார்க்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை, ஒரு அரைநாள் போகும். அரைப் பேர் போனால் போகட்டும் அண்ணே.

அங்கே டொக்டர் ஹோர்மோனும் பார்க்கச் சொன்னால், காலையில் ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். காலையில்தான் அது உச்சத்தில் இருக்கும். பின்னேரம் கொடுத்தால் நல்ல ஆளுக்கும் குறைவாகக் காட்டும். காய்ச்சலோடு போகக் கூடாது. ஒரு தடவை குறைந்திருந்தால் போதாது, வேறொரு நாள் திரும்பப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் ஒரே துண்டைப் பார்த்து ஊசி போடலாம் என்று சொல்கிறவரிடம் "யோசிச்சு வர்றேங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சாப்பாட்டில் என் சொல் கொஞ்சம்தான். காலையில் கோதுமை மா ரொட்டி, மத்தியானம் ரொட்டி, இரவு சோறு, நடுவில் நாலு தடவை சீனி போட்ட சாயத்தண்ணி. இதுதான் நம்ம கணக்கு. தேத்தண்ணீரை நாம்தான் உலகத்துக்கு ஊற்றுகிறோம், அதைச் சீனி இல்லாமல் குடிக்க நமக்குத்தான் தெரியவில்லை! ரொட்டியில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி என்று எது முடியுமோ அதை வையுங்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கீரையும் சேரட்டும். கவ்வாத்து, கான் வெட்டு என்று உடம்பு அசைகிற வேலை செய்கிறவர்களுக்கு உடற்பயிற்சி பற்றி நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வேலையை விட்டு ஆட்டோ ஓட்டப் போனவர்கள், கடையில் உட்கார்ந்தவர்கள், வோச்சர் வேலைக்குப் போனவர்கள்தான் வயிறு போடுகிறார்கள். எடை இறங்கினால் இந்த ஹோர்மோன் தானாகவே ஏறுகிறது, ஊசி இல்லாமல். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பெண்களை ஏன் இருக்கச் சொன்னேன் என்று சொன்னேனே. ஆம்பளை வாயைத் திறக்கமாட்டான். அவன் தகப்பனும் திறக்கவில்லை, அவனும் திறக்கமாட்டான். ஆனால் அவன் விலகிப் போவது முதலில் தெரிவது தங்கச்சி, உங்களுக்குத்தான். வேறு யாரோ என்று நினைப்பதற்கு முன்னால், இவருக்குச் சீனி பார்த்தோமா என்று ஒரு தடவை நினையுங்கள். குத்திக்காட்டாமல், "நானும் வர்றேன், ரெண்டு பேரும் சேர்ந்தே பிரஷர் பார்த்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டால் வருவார். உங்களுக்கும் பார்க்க வேண்டியதுதானே. டிஸ்பென்சரியில் இருக்கிற தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. கடைசி ஆளாக வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு "ஒன்னும் இல்லீங்க" என்று சொல்கிறவரை அனுப்பிவிடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு நீங்களே கேளுங்கள்.

நெஞ்சில் பாரம், இடது கைக்கு ஓடுகிற வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் லொறி தேட வேண்டாம், உடனே 1990 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணுங்கள். அம்புலன்ஸ் இலவசம். எங்கள் காலத்தில் அது இருக்கவில்லை.

வாசல் பக்கத்தில் மேசை போட்டிருக்கிறது. பிரஷர் மெசின் இருக்கிறது, விரலில் குத்திச் சீனி பார்க்கிற மெசினும் இருக்கிறது, வயிறு அளக்க நாடாவும் இருக்கிறது. தொப்புள் மட்டத்தில் 90 சென்றிமீற்றர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலம் தாண்டிய ஆம்பளைகள் எல்லோரும் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அளக்கக் கூடாது. தலைவரே, நீங்க முதல்ல வாங்க. நீங்க வந்தா மத்தவங்களும் வருவாங்க.